கல்லறைத் திருநாளுக்குக் காகிதப்பூ

1961 அக்டோபர் 23, திங்கள்

காலையிலிருந்து மூட்டம். மழை இல்லை. வாடைக்காற்றுதான். பாலவாடிக் கூரையில் ஓலை பிய்ந்து தொங்குகிறது. ஆயா ஞானப்பூவிடம் சொன்னேன். "காத்து நிக்கட்டும் டீச்சர், கட்டிருவோம்." தங்கச்சிமடத்தில் காற்று எப்போது நின்றது?

இன்று இலை மாலை. மாதா கோயிலுக்குப் பின்னால் வாதாமரம் நன்றாகச் சிவந்து கொட்டுகிறது. பிள்ளைகளைக் கயிறு பிடிக்கவைத்துக் கூட்டிப்போய்ப் பொறுக்கினோம். ஆளுக்கு ஒரு தென்னை ஈர்க்கு. முனையை நேற்றே கல்லில் தேய்த்து மழுக்கி வைத்திருந்தேன், கண்ணில் குத்தக்கூடாது. இலையில் ஓட்டை நான் போட்டுக் கொடுத்தேன், கோர்ப்பது அவர்கள். பாதிப் பேர் கோர்த்ததைவிடக் கடித்தது அதிகம். சவேரி மட்டும் சிவப்பாகப் பார்த்துக் கோர்த்துவிட்டு மஞ்சளை எல்லாம் என் மடியில் போட்டான். "டீச்சருக்கு." மூன்று வயது இன்னும் முடியவில்லை. அதிகம் பேசாத பிள்ளை.

நாளைக்கு: பனங்கொட்டை. சுண்ணாம்பு. சின்னச் சிப்பி (கண்ணுக்கு). மைதாப் பசை, துத்தம் (விஷம்) போடாமல். போன தடவை ஒருத்தன் கையை நக்கிவிட்டான், எனக்கு உயிரே போய்விட்டது.

மத்தியானம் எல்லாரும் போனபிறகு கூட்டும்போது, "அந்தா பாரு காக்கா" என்று சத்தமாகச் சொல்லியிருக்கிறேன். யாரும் இல்லை. காக்காய் மட்டும் இருந்தது.

அக்டோபர் 24

பனங்கொட்டை தாத்தா. சூப்பிப் போட்டுக் காய்ந்த கொட்டை. நார் தாடி மாதிரி நிற்கிறது, விரலால் கோதிவிட்டால் போதும். சுண்ணாம்பு தொட்டு ரெண்டு பொட்டு, அதில் சிப்பி ஒட்டினால் கண். வாய் நான் வரைந்தேன். ஒருத்தி தன் தாத்தாவுக்குப் பால் பவுடர் பாலை ஊட்டிவிட்டாள். தாடியெல்லாம் பால். ஈ.

கண்மருந்து போட வெள்ளைக்கார சிஸ்டர் வந்தார்கள். அயர்லாந்து. தாத்தாக்களைப் பார்த்துவிட்டு ஒரே சிரிப்பு. அவர்கள் ஊரில் இந்த மாதம் கடைசி நாளில் பிள்ளைகள் டர்னிப் கிழங்கைக் குடைந்து முகம் வெட்டி உள்ளே விளக்கு வைப்பார்களாம்.

"எதுக்கு சிஸ்டர்?"

"செத்தவங்க அன்னைக்கி வீட்டுக்கு வரும். கெட்ட ஆவியும் வரும். கெட்டது மூஞ்சி பாத்து ஓடும். நம்ம ஆளு விளக்கு பாத்து வரும். பெரியவங்க அப்படிச் சொல்லும்."

இங்கே டர்னிப்புக்கு எங்கே போக. "பறங்கிக்காய் போதும், போதும்" என்று சொல்லிவிட்டு அடுத்த பிள்ளையின் கண்ணைப் பிளந்து சொட்டு விட்டார்கள்.

எங்கள் ஊரில் வயலில் கரும்பானை கவிழ்த்து வைத்து, சுண்ணாம்பால் கண் போடுவார்கள். அதைப் பார்த்துச் செல்வி "மாமா" என்பாள். எல்லாப் பிள்ளைகளும் அழும், அவள் கையை ஆட்டிக் கூப்பிடுவாள்.

செல்வி என் மகள். போன வருஷத்துக்கு முந்தின மழைக்காலத்தில் காய்ச்சல். அதற்குப்பிறகு வீட்டில் பேச்சு நின்றுபோனது. அவரும் நானும் ஒரே கூரையில் ரெண்டு வீட்டு ஆட்கள் மாதிரி. பாலசேவிகா பயிற்சிக்குப் போகட்டுமா என்று கேட்டேன். "ஒன் இஷ்டம்" என்றார், மாட்டைப் பார்த்துக்கொண்டே. அவ்வளவுதான். முன்னெல்லாம் ஊரில் என்னைச் "செல்வி அம்மா" என்பார்கள். பிறகு யாரும் எதுவும் சொல்லிக் கூப்பிடவில்லை. இங்கே டீச்சர்.

அக்டோபர் 26

மழை. கதவைச் சாத்தியாயிற்று. உள்ளே இருட்டு.

சந்தையில் வாங்கிய பறங்கிக்காய், நல்ல பெரியது. மேலே மூடி மாதிரி நான் வெட்டிவிட்டேன். பிள்ளைகள் சிரட்டையால் வழித்தார்கள். கையை உள்ளே விட்டு எடுக்க ஒரே போட்டி. வழுவழுவென்று நார், விதை. விதையைக் கழுவிக் காயவைத்தால் இன்னொரு நாள் ஒட்டுவதற்கு ஆகும். ரெண்டு கண், மூக்கு, பல் வெட்டினேன். சிரிக்கிற முகமாகத்தான் வெட்டினேன். உள்ளே மெழுகுவர்த்தி வைத்ததும் எல்லாரும் கையைத் தட்டினார்கள். யாரும் பயப்படவில்லை.

சவேரி எழுந்து கிட்டே போனான். கொஞ்சநேரம் பார்த்தான். "அப்பா" என்றான்.

மறுபடியும் "அப்பா". பறங்கிக்காய்க்கு முத்தம் கொடுக்கக் குனிந்தான், நான் பிடித்து இழுத்தேன், வர்த்திச் சூடு.

ஞானப்பூ சிலுவை போட்டுக்கொண்டு, "சேசுவே" என்றாள். பிறகு என் காதில் சொன்னாள். சவேரியின் அப்பா போன கார்த்திகையில் கடலுக்குப் போனவர். வள்ளம் உடைந்து பலகை கரை ஒதுங்கியது. ஆள் கிடைக்கவில்லை. எனக்குத் தெரியாது. நான் இந்த ஊருக்கு வந்தது பங்குனியில்.

அக்டோபர் 27

இன்று வந்தது ரெண்டே பிள்ளைகள். அவர்களையும் பத்து மணிக்குள் வந்து தூக்கிப் போய்விட்டார்கள்.

சவேரியின் அம்மா ஆரோக்கியம் வாசலிலேயே நின்றாள். உள்ளே வரவில்லை. தலையில் கருவாட்டுக் கூடை.

"எம்புள்ளைக்கி என்னத்தக் காட்டுனீக?"

நான் எழுந்து வெளியே போனேன்.

"பாலவாடியில அப்பா இருக்காக, போவணும் போவணும்னு விடிய விடிய அழுவுறான். நான் என்ன சொல்லட்டும்? அப்பா வந்துட்டாகன்னா? பேயிக்கு வெளக்கு ஏத்துற எடத்துக்கு எம்புள்ள இனி வராது."

"அது பறங்கிக்காய்மா. வெளாட்டுக்கு..."

"வெளாட்டா?"

கூடை சாய்ந்தது. சரிசெய்துகொண்டு போய்விட்டாள். தெருவில் நாலைந்து பேர் நின்று பார்த்தார்கள். ஞானப்பூ பறங்கிக்காயை அரிந்து ஆட்டுக்குப் போட்டாள்.

அக்டோபர் 28, சனி

ஒருவரும் வரவில்லை. இருந்தும் பால் பவுடரைக் கரைத்து வைத்திருந்தேன். பழக்கம். நாய்க்கு ஊற்றினேன்.

சுவரில் இலை மாலைகள். சிவப்பெல்லாம் காய்ந்து பழுப்பாகிவிட்டது. சுருண்டு காற்றில் சலசல. கழற்ற மனசில்லை.

பி.டி.ஓ. ஆபீசுக்குச் சேதி போனால் பாலவாடியை மூடினாலும் மூடுவார்கள். மூடினால் நான் எங்கே போவேன்? ஊருக்கா? ஊரில் எனக்கு என்ன இருக்கிறது என்று யோசித்துப் பார்த்தேன். ஒரு டிரங்குப்பெட்டி, அதில் அவள் கவுன்கள். அவர். அவர் எனக்கு இருக்கிறாரா என்றுதான் தெரியவில்லை.

அக்டோபர் 29, ஞாயிறு

கோயில் மணி. எல்லாரும் வெள்ளையும் சொள்ளையுமாகப் போகிறார்கள். ஜன்னலைப் பாதி சாத்திக்கொண்டு பார்த்தேன். பிள்ளைகள் என் ஜன்னலைப் பார்த்து "டீச்ச்சர்" என்று கத்தும். இன்று அம்மாமார்கள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்கள்.

கிணற்றடியில் நான் இருப்பது தெரியாமல்:

"உள்நாட்டுக்காரி. புள்ளயப் பறிகொடுத்தவளாம்."

"அதான் ஊரு புள்ளயளுக்கு ஆவி காட்டுறா."

குடத்தை அங்கேயே வைத்துவிட்டு வந்துவிட்டேன். பிறகு ஞானப்பூ போய் எடுத்துவந்தாள். அவளிடம்தான் ஒருநாள் செல்வியைப்பற்றிச் சொல்லியிருந்தேன். கோபமில்லை. ஊருக்குள் சொல்லாமல் இருக்க அவளால் ஆகாது.

சோறு வடிக்கவில்லை. அவல்.

அக்டோபர் 30, திங்கள்

மழை விட்டிருந்தது. காலையில் பாலவாடியைத் திறந்து வைத்துவிட்டு நானே ஆரோக்கியம் வீட்டுக்குப் போனேன். ஞானப்பூ வேண்டாம் என்றாள்.

ஆரோக்கியம் முற்றத்தில் கருவாட்டைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தாள். உட்காரச் சொல்லவில்லை. சவேரி ஓடிவந்து என் சேலையைப் பிடித்துக்கொண்டான்.

"எனக்குத் தெரியாதுமா. தெரிஞ்சிருந்தா ஏத்தியிருக்க மாட்டேன். அத மட்டும் சொல்லத்தான் வந்தேன்."

அவள் கருவாட்டைத் திருப்பிக்கொண்டே இருந்தாள். நான் திரும்பினேன்.

"உள்ள வந்து பாருங்க" என்றாள்.

உள்ளே மாதா படம். முன்னால் ஒரு சிரட்டையில் உருகிப்போன மெழுகு.

"தெனம் சாயங்காலம் இத ஏத்தி, அந்தா அப்பான்னு காட்டுவேன். படம்கூட எடுத்து வைக்கல. வேற எதக் காட்டட்டும்? அதான் எங்கன வெளக்கு எரிஞ்சாலும் அவனுக்கு அப்பா."

ரெண்டு பேரும் அந்தச் சிரட்டையையே பார்த்துக்கொண்டு நின்றோம். பிறகு அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "உக்காருங்க டீச்சர். வாசல்ல வச்சு அப்படிப் பேசியிருக்கப்புடாது. புள்ள அழுத அழுகை, எனக்கு ஒரு நெலையா இல்ல" என்றாள். காப்பி கொடுத்தாள். கருப்பட்டிக் காப்பி. இந்த ஊரில் ஒருவர் வீட்டுக்குள் உட்கார்ந்து நான் குடித்தது இதுதான் முதல் தடவை.

கிளம்பும்போது கேட்டாள். வியாழக்கிழமை கல்லறைத் திருநாள். ராமநாதபுரத்துப் பூ மழையில் வந்து சேராது. "காகிதத்துல பூ செய்வீகளா? எல்லா வீட்டுக்கும் வேணும். புள்ளயளுக்கும் சொல்லிக் குடுங்க, அதுகளும் செய்யட்டும்."

அக்டோபர் 31

வந்துவிட்டார்கள்! முதலில் சவேரி, ஆரோக்கியத்தின் இடுப்பில். அவளைப் பார்த்து மற்றவர்கள்.

பூ செய்வது பற்றி, மறக்காமல் இருக்க:
- இந்த வயசுப் பிள்ளைக்கு மடிக்க வராது, கத்தரி கூடாது. கசக்க வரும். கசக்கினால் போதும், அதுவே பூ.
- சாயம்: மஞ்சள் கரைத்த தண்ணீர், சிவப்பு மை, நீல மை. ஈயத்தட்டில். முக்கிய உடனே எடுக்கவேண்டும், ஊறினால் கூழ்.
- கொடியில் போட்டால் காற்று கொண்டுபோகிறது. சாக்கில் பரப்பிக் கல் வைக்கவும்.
- காம்புக்கு ஈர்க்கு. நூல் சுற்றுவது பெரியவர்கள்.
- மேல்சட்டையைக் கழற்றிவிட்டு உட்காரவைக்கவும்.

நீல வாய், நீலத் தொப்பை. ஒருத்தி தன் பூவை யாருக்கும் தரமாட்டேன் என்று அதன்மேல் உட்கார்ந்துகொண்டாள். அம்மாமார்களும் உட்கார்ந்து நூல் சுற்றினார்கள். யார் யாருக்கு எத்தனை வேண்டும் என்று பேச்சு. "எங்க மாமியாவுக்கு ஒரு நாலு. அதுக்கு மேல அவுகளுக்கு எதுக்கு?" ஒரே சிரிப்பு. நானும் சிரித்தேன். சத்தமாகச் சிரித்துவிட்டு எனக்கே கூச்சமாகப் போயிற்று.

நவம்பர் 1

மழை, பூ, மழை. நாள் முழுக்கப் பூ. விரல் நகமெல்லாம் சிவப்பு. சாயங்காலம் எல்லாரும் வாரிக்கொண்டு போனார்கள். தரையில் வெட்டுத்துண்டுகள். பேச்சுச் சத்தம் அடங்கியதும் முன்னைவிட அதிகமாகத் தனியாக இருக்கிறது.

நவம்பர் 2, வியாழன்

ஆரோக்கியம் வந்து கூப்பிட்டாள். "நீங்களும் வாங்க டீச்சர், புள்ளயள் செஞ்ச பூவு எப்படி இருக்குன்னு பாக்க வேணாமா?"

நான் போகலாமா என்று கேட்டேன். கோயில் ஆள் இல்லையே, அதோடு பொம்பளை. அவளுக்கு முதலில் புரியவில்லை. எங்கள் பக்கம் பொம்பளைகள் இடுகாட்டுக்குப் போகமாட்டார்கள் என்று சொன்னேன். தெரு முனையோடு நிறுத்திவிடுவார்கள்.

"அப்ப ஆரு போயி அழுவுறது?" என்றாள்.

பொழுது சாயும் நேரம். மணலில் வரிசை வரிசையாகச் சிலுவை. பொம்பளைகள் கையால் மணலைக் கூட்டிக் கல்லறையைச் சரிசெய்கிறார்கள். பிள்ளைகள் பூவைக் குத்துகிறார்கள், தலைகீழாக, படுக்கவைத்து, ஒரே இடத்தில் எல்லாவற்றையும். சாமியார் தீர்த்தம் தெளித்துக்கொண்டு வந்தார். கைக்குழந்தைகளின் கல்லறை தனி வரிசை, சாண் சாணாக. அங்கே ஒருத்தி உட்கார்ந்து, வீட்டில் பேசுகிற மாதிரி பேசிக்கொண்டிருந்தாள். யாரும் அவளை எழுப்பவில்லை.

கடலில் போனவர்களுக்குக் கல்லறை கிடையாது. நடுவில் பெரிய சிலுவை. அதன் காலடியில்தான் வர்த்தி ஏற்றுகிறார்கள். ஆரோக்கியம் சவேரியைத் தூக்கி ஏற்றவைத்தாள். நிறைய வர்த்தி எரிந்தது. அவன் எல்லாவற்றையும் பார்த்தான். எது அப்பா என்று தெரியாமல் குழம்பி அவள் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டான்.

கொஞ்சநேரம் கழித்து, "ஒங்க புள்ளய எங்கன வச்சிருக்காக டீச்சர்?" என்றாள்.

தெரியாது என்றேன். கண்மாய்ப் பக்கம் என்று மட்டும் தெரியும். அவர்தான் தூக்கிப்போனார். என்னை வாசலில் பிடித்துக்கொண்டார்கள். திரும்பி வந்ததும் குளித்துவிட்டு மாட்டுக்கொட்டிலில் போய் உட்கார்ந்துகொண்டார். எங்கே என்று நான் கேட்கவில்லை. கேட்டால் அவர் என்ன ஆவாரோ என்று இருந்தது.

ஆரோக்கியம் ஒரு வர்த்தியை என் கையில் கொடுத்தாள். வைத்தேன். காற்று அணைத்தது. அவள் மறுபடி ஏற்றினாள்.

நவம்பர் 4, சனி

அவர் வந்திருக்கிறார்.

பிள்ளைகளை வட்டமாக உட்காரவைத்து விதை ஒட்டிக்கொண்டிருந்தோம். வாசலில் நிழல். பார்த்தால் அவர். கையில் மஞ்சப்பை, வெள்ளை வேட்டியில் ரயில் கரி. இளைத்திருக்கிறார். உட்காரச் சொன்னதும் பிள்ளைகளோடு தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். ஒன்று அவர் முழங்காலில் பசையைத் தடவியது. அதைத் துடைக்காமலே இருந்தார்.

எல்லாரும் போனபிறகு:

"தீவாளிக்குக் கூட்டிட்டுப் போலாம்னு வந்தேன்."

"அத்தை சொன்னாகளா?"

"இல்ல. நானாத்தான்."

சாப்பாடு போட்டேன். மீன் வாசம் அவருக்குப் பிடிக்காது, ரசமும் அப்பளமும். பாதிச் சாப்பாட்டில் கேட்டுவிட்டேன். இன்று கேட்கவில்லையென்றால் எப்போதும் கேட்கமாட்டேன்.

"செல்விய எங்கன வச்சீங்க?"

பிசைந்த கை நின்றது. பிறகு தலையைத் தூக்காமல் சொன்னார்:

"கண்மாய்க்கரை உள்வாயில. கருவேலமரத்துக்கு மேக்க. கல்லு ஒண்ணு நட்டிருந்தேன். வயலுக்குப் போறப்ப நின்னுட்டுப் போவேன். போன வருஷம் கோடையில கரைய ஒசத்துனாங்கல்ல. நான் பரமக்குடிக்கு வித்து வாங்கப் போயிருந்தேன். வந்து பாத்தா மரத்தையும் வெட்டி, மண்ணடிச்சு..."

கையைக் கழுவக்கூட எழுந்திருக்கவில்லை.

"எந்த எடம்னு தெரியல. நீ என்னைக்காச்சும் கேப்ப, நான் என்ன சொல்லன்னுதான் ஓம் மொகத்தப் பாக்காமத் திரிஞ்சேன்."

கல் நட்டது எனக்குத் தெரியாது. தினம் நின்றது தெரியாது. அவருக்கு ஒன்றுமே இல்லை என்று இத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

நான் அழவில்லை. அவர்தான்.

நவம்பர் 5

ஞானப்பூவிடம் சாவி. திங்கள் ஒருநாள் அவளே சமாளிப்பாள், செவ்வாய் எப்படியும் தீபாவளி லீவு. ரெண்டு நாள் கூடுதலாக லீவு எழுதிக் கொடுத்திருக்கிறேன். ஆரோக்கியம் ஸ்டேஷனுக்கு வந்தாள், அவருக்கு ஒரு பொட்டலம் கருவாடு. வேண்டாம் என்று சொல்லத் தெரியாமல் வாங்கிக்கொண்டார். "திரும்பி வருவீகள்ல?" என்றாள். "வாரேன்" என்றேன். பாம்பன் பாலத்தில் வண்டி ஊர்ந்தபோது ரெண்டு பேரும் ஒரே ஜன்னலைப் பார்த்தோம்.

நவம்பர் 8, புதன். அமாவாசை

தீபாவளி முடிந்தது. எண்ணெய், இட்லி, அத்தையின் முகம். விடிந்ததும் கண்மாய்க்குப் போகிறேன் என்றேன்.

"பொம்பள அங்கன போறதா? ஊரு என்ன சொல்லும்?" என்றார்கள் அத்தை. நான் அவரைப் பார்த்தேன். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு முன்னால் நடந்தார். நான் பின்னால்.

புதுக்கரை. உயரம். புல் அங்கங்கேதான் பிடித்திருக்கிறது. கண்மாயில் பாதித் தண்ணீர். அவர் ஓரிடத்தில் நின்றார். அப்புறம் கொஞ்சம் தள்ளிப் போனார். திரும்பி வந்தார். மடையைப் பார்த்து, எதிர்க்கரைப் பனையைப் பார்த்துக் கணக்குப் போட்டார்.

"இங்கனதான்னு நெனைக்கிறேன். நிச்சயமாச் சொல்ல முடியல."

நான் உட்கார்ந்தேன். அவரும் உட்கார்ந்தார், கொஞ்சம் தள்ளி. எந்தக் கவுன் என்று கேட்டேன். "பச்சை. நீ போட்டுவிட்டதுதான், மாத்தல." தலைமாடு எந்தப் பக்கம்? "தெக்க." நீங்களேவா? "நானேதான். ஆரு கையிலயும் குடுக்கல. நெஞ்சோட சாத்திக்கிட்டுத்தான் நடந்தேன். தூங்குற புள்ள மாதிரி. கால் மட்டும் இங்கன இடிச்சுக்கிட்டே வந்துச்சு." இடுப்பில் தொட்டுக் காட்டினார்.

மழை இருந்ததா? தூறல். துண்டால் மூடியிருந்தாராம். கேட்கக் கேட்கச் சொன்னார். ரெண்டு வருஷத்துப் பேச்சு.

கரையடியில் அத்தை வந்து நின்றுகொண்டு, சோறு ஆறுகிறது என்று கூப்பிட்டார்கள்.

"வாரோம். நீ போ ஆத்தா" என்றார்.